தொண்ணூற்றொன்பதுக்கு அப்புறம்

செவ்வாய்க்கிழமை காலை பத்தேகாலுக்கு அக்கா போன் செய்தாள். ஆபீஸ் நேரத்தில் கூப்பிடுகிறவள் இல்லை அவள். ஒரு கிளினிக்கின் முன்மேசையில் உட்கார்ந்து நோயாளிகளுக்கு டோக்கன் கொடுப்பது அவள் வேலை. சுவரில் மாட்டிய பலகை எண்ணைக் காட்டி அழைக்கும். அந்தப் பலகையை ஓட்டும் புரோகிராம் எங்கள் கம்பெனியில் எழுதியது.

பக்கத்துத் தெரு கிளினிக்கை மூடிவிட்டதால் போன மாதத்திலிருந்து இங்கே கூட்டம் இரட்டிப்பாகிவிட்டதாம். தொண்ணூற்றொன்பது வரை ஒழுங்காகக் கூப்பிடும் பலகை, அதற்கு அப்புறம் நூறு என்று சொல்லாமல் மறுபடி ஒன்றிலிருந்து ஆரம்பிக்கிறது. காலையில் ஒன்றாம் நம்பர் வாங்கி ரத்தப் பரிசோதனை முடிவுக்குக் காத்திருப்பவரும், பகலில் ஒன்றாம் நம்பர் வாங்கியவரும் டாக்டர் அறை வாசலில் முட்டிக்கொள்கிறார்கள். திட்டு மட்டும் முன்மேசைக்கு வருகிறது.

“வெள்ளிக்கிழமை வரைக்கும் பாப்பாராம் மேனேஜர். அதுக்கப்புறமும் சண்டை வந்தா என்னைக் கீழ ரெக்கார்டு ரூமுக்கு மாத்திடுவாராம். இதை எழுதின மகராசன் மட்டும் என் கையில கெடைக்கட்டும்” என்றாள்.

தூசி என்றாலே அக்காவுக்கு மூச்சு இழுக்கும். அந்த ரெக்கார்டு அறையில் தூசியைத் தவிர வேறு எதுவும் கிடையாது. கவலைப்படாதே, அது எங்களோடு இருந்த கண்ணாடிக்காரர் பார்த்த வேலை, அவர் வேலையை விட்டுப் போய்விட்டார், நான் சரிசெய்கிறேன் என்றேன். எங்கள் ஆபீஸில் எந்தப் பழியையும் விட்டுப்போனவர் தலையில் கட்டுவதுதான் வழக்கம். அவர் மறுத்துப் பேச வரப்போவதில்லை.

தவறைக் கண்டுபிடிக்க நாலு நிமிஷம், திருத்த ஒரு நிமிஷம். ஒரே ஒரு வரி. டோக்கன் எண் இரண்டு இலக்கத்தைத் தாண்டக் கூடாது என்று எவனோ எழுதி வைத்திருந்தான். இரண்டை மூன்றாக்கினேன். வேலை முடிந்தது என்று நினைத்தேன், பாருங்கள், அதுதான் என் முட்டாள்தனம்.

எங்கள் தொழில் தெரியாதவர்களுக்கு ஒரு வார்த்தை. ஓடிக்கொண்டிருக்கும் புரோகிராமுக்கு மெயின் என்று பெயர். அதில் யாரும் நேராகக் கை வைக்கக் கூடாது. ஒரு நகல் எடுத்து அதில் திருத்த வேண்டும், அது பிராஞ்ச். மற்றவர்கள் பார்த்துச் சரி என்றால் மெயினோடு சேர்க்கலாம், அது மெர்ஜ். சொல்லும்போது எவ்வளவு அழகாக இருக்கிறது. ஆனால் எங்கள் ஆபீஸில் தண்ணீர் மெஷினுக்கு மேலே முப்பத்தோரு விதிகள் சட்டம் போட்டு மாட்டியிருக்கின்றன. மாட்டியவர் எங்கள் டீம் லீடர் அம்மா. குரலை உயர்த்தாதவர், ஒரு விதியையும் தளர்த்தாதவர். நாங்கள் அவருக்கு வைத்திருக்கும் பெயர் சட்டாம்பிள்ளை.

நாலாம் விதிப்படி பிராஞ்சுக்கு ஒரு வேலை எண் வேண்டும். வேலை எண் மாலை நாலு மணி மீட்டிங்கில்தான் கிடைக்கும். செவ்வாய்க்கிழமை அதிலேயே போயிற்று.

புதன்கிழமை காலை என் திருத்தத்தைப் பார்வைக்கு அனுப்பினேன். இரண்டு பேர் பார்த்துச் சரி சொல்ல வேண்டும். அவர்கள் என் வரிசையில் உட்காருகிறவர்களாக இருக்கக் கூடாது. பத்து நிமிஷத்தில் ஒரு கேள்வி வந்தது: ஒரு வரி என்றீர்களே, இருநூற்றுப் பன்னிரண்டு ஃபைல்களில் ஊதா நிறம் எப்படி வந்தது?

ஊதா நிறம் பெயின்டருடையது. பெயின்டர் என்பது என் பக்கத்து சீட்டுக்காரர். திரைகளின் வண்ணங்களை மாற்றுவதே அவருக்குப் பிழைப்பு. திங்கட்கிழமை அவருக்கு உதவப் போய் அவருடைய பிராஞ்சுக்குள் நுழைந்தவன் வெளியே வர மறந்துவிட்டேன். மெயினிலிருந்து எடுக்க வேண்டிய நகலை அவர் பிராஞ்சிலிருந்து எடுத்துவிட்டேன். பிள்ளையார் பிடிக்கக் குரங்கானது. பதினைந்து வருஷ அனுபவம் என்று ஊருக்கெல்லாம் உபதேசம் செய்கிறவன் நான், வெட்கமாக இருந்தது.

மெயினிலிருந்து புது பிராஞ்ச் எடுத்தேன். ஆறாம் விதிப்படி ஒரு வேலை எண்ணை இரண்டு தடவை பயன்படுத்தக் கூடாது. மறுபடியும் நாலு மணி மீட்டிங்.

அன்று சாயங்காலம் அக்காவிடம் புலம்பித் தீர்த்தேன். பொறுமையாகக் கேட்டுவிட்டு, “ஒரு நம்பரை மாத்த ரெண்டு பேர் பாக்கணுமா? அங்க எல்லாரும் படிச்சவங்கதானே?” என்றாள். இடையிடையே இருமினாள். ரெக்கார்டு அறையை எப்படி இருக்கிறதென்று போய்ப் பார்த்துவிட்டு வந்தாளாம்.

வியாழக்கிழமை நண்பகலோடு மெர்ஜுக்குக் கதவு சாத்தப்படும். இருபத்து மூன்றாம் விதி. அதற்கப்புறம் திங்கட்கிழமைதான். நான் எட்டு மணிக்கே போய் உட்கார்ந்துவிட்டேன். என் ஒற்றை வரிக்குப் பதினொரு கேள்விகள் வந்தன. ஏன் மூன்று இலக்கம், நாளைக்கு ஆயிரம் பேர் வந்தால் என்ன செய்வாய் என்றெல்லாம். சாமி வரம் கொடுத்தாலும் பூசாரி கொடுக்க மாட்டார் என்பது சும்மாவா? அதே நேரம் பெயின்டரின் இருநூற்றுப் பன்னிரண்டு ஃபைல்களுக்கு ஒரே ஒரு பதில் வந்தது: அருமை.

பதினொன்று நாற்பதுக்கு எனக்கு இரண்டு சம்மதமும் கிடைத்தது. மெர்ஜ் பொத்தானை அழுத்தினேன். முடியாது என்றது. இரண்டு நிமிஷம் முன்னால் பெயின்டர் தன்னுடையதை மெர்ஜ் செய்துவிட்டார், என் வரியை அவரும் தொட்டிருக்கிறார், இரண்டில் எது வேண்டும் என்று கேட்டது. அப்படி என்ன தொட்டார் என்று பார்த்தேன். வரிக்கு முன்னால் இருந்த இரண்டு இடைவெளிகளை நான்காக்கியிருந்தார். அவ்வளவுதான். பார்க்க லட்சணமாக இருக்குமாம்.

என் வரியையே வைத்து இந்த மோதலைத் தீர்த்தேன். ஆனால் மோதல் தீர்த்தால் பழைய சம்மதங்கள் செல்லாது என்கிறது பதினாலாம் விதி. சம்மதம் கொடுத்த இருவரும் சாப்பிடப் போய்விட்டார்கள். மணி பன்னிரண்டடித்தது.

எனக்குத் தலைக்கேறிவிட்டது. நேராகச் சட்டாம்பிள்ளை அறைக்குள் போனேன். அக்காவையும் ரெக்கார்டு அறையையும் பற்றி மூச்சு விடாமல் சொன்னேன். பிறகு கேட்டேன், “இந்த இருபத்து மூணாவது விதியை எந்த அறிவாளிக்காகப் போட்டீங்க?”

அவர் கோபப்படவில்லை. கம்ப்யூட்டரில் எதையோ தேடி, திரையை என் பக்கம் திருப்பினார். “உங்களுக்காகத்தான்.”

எங்கள் தொழிலில் ஒரு வசதி உண்டு. எந்த வரியை யார், என்றைக்கு, எத்தனை மணிக்கு எழுதினார்கள் என்பது அழியாமல் இருக்கும். இத்தனை நாளில் நான் அதைப் பார்க்கவே இல்லை. மூன்று வருஷத்துக்கு முன்னால் ஒரு வியாழக்கிழமை, மாலை ஐந்து ஐம்பது. யாரிடமும் காட்டாமல் நேராக மெயினில் போட்ட ஒரு மாற்றம். அடியில் ஒரு குறிப்பு: ‘சின்ன விஷயம், பயப்பட ஒன்றுமில்லை.’ பக்கத்தில் என் பெயர்.

மூன்றாவது இலக்கம் பலகையின் ஓரத்தில் பாதி வெட்டுப்பட்டுத் தெரிந்ததால், எந்த கிளினிக்குக்கு நூறு பேர் வரப்போகிறார்கள் என்று இரண்டாக நறுக்கியவன் நான்தான். நறுக்கிவிட்டு போனை அணைத்துக்கொண்டு நான்கு நாள் லீவில் போனேன். மறுநாள் பாதிப் பலகைகள் இருண்டு கிடந்தனவாம். என்னைத் தேடி அலுத்து, மற்றவர்களே இருட்டையும் ஓர வெட்டையும் சரிசெய்துவிட்டு, என் வரியை மட்டும் கவனிக்காமல் விட்டிருக்கிறார்கள். இருபத்து மூன்றாம் விதியும் அந்த வரியும் ஒரே வாரத்தில் பிறந்த இரட்டைப் பிள்ளைகள், இரண்டுக்கும் தகப்பன் நான்.

“கண்ணாடிக்காரர்னு நெனச்சேன்” என்றேன்.

“அவர் போய் நாலு வருஷம் ஆச்சு.”

மல்லாந்து படுத்துத் துப்பினால் எங்கே விழும்? சட்டாம்பிள்ளை இழுப்பறையிலிருந்து ஒரு தாளை எடுத்தார்.

“விதிவிலக்கு இருக்கு. யாருக்கு என்ன பாதிப்பு, யாரோட தப்புன்னு எழுதிக் கையெழுத்து போடணும். இதுவரைக்கும் யாரும் கேட்டு வரல.”

ஏன் வரவில்லை என்று எனக்குப் புரிந்தது. இரண்டாவது கட்டம்தான் காரணம். பேனாவை வாங்கினேன். பாதிக்கப்பட்டவர்: என் அக்கா. தவறு: என்னுடையது. எழுதி முடித்தபோது காது சுட்டது. அவர் தானே ஒரு சம்மதம் கொடுத்தார், சாப்பிட்டு வந்தவர்களில் ஒருவரைப் பிடித்து இன்னொன்று வாங்கிக் கொடுத்தார். மூன்று மணிக்கு மெர்ஜ் ஆயிற்று.

வெள்ளிக்கிழமை பகலில் அக்கா கூப்பிட்டாள். பலகை நூறு என்று காட்டியதாம். சண்டை இல்லை, மேனேஜர் அவளை அங்கேயே இருக்கச் சொல்லிவிட்டார். எனக்கு அழுகையே வந்துவிட்டது.

“ஆனா ஒண்ணு. பலகையை நம்ப முடியாதாம். இனிமே தொண்ணூத்தொம்பதுக்கு அப்புறம் டோக்கனோட கையாலயும் ஒரு சீட்டு எழுதிக் குடுக்கணும்னு புது ரூல் போட்டுட்டாரு.”

சரிசெய்தாயிற்றே, இனி எதற்கு என்று கேட்க வாயெடுத்தேன். கேட்கவில்லை. ஒருவன் செய்த தவறுக்கு விதி பிறப்பதும், தவறு போன பிறகும் விதி நிற்பதும் எனக்குத் தெரியாததா? அதற்குப் பதிலாக, “அக்கா, அதைக் கண்ணாடிக்காரர் எழுதல. நான்தான் எழுதினேன்” என்றேன்.

அவளுக்குப் பின்னால் பலகை நூற்றுப் பதினாலை அழைப்பது கேட்டது.

“நாளைக்கு உனக்கு லீவுதானே? பத்து மணிக்கு வந்துடு. பேனா எடுத்துட்டு வா” என்று சொல்லி வைத்துவிட்டாள்.

சனிக்கிழமை போனேன். முன்மேசைக்குப் பக்கத்தில் எனக்கு ஒரு ஸ்டூல், ஒரு கட்டு வெள்ளைச் சீட்டு. பதினொன்றரைக்குத் தொண்ணூற்றொன்பதாவது ஆள் டோக்கன் வாங்கிக்கொண்டு போனார். அடுத்து ஒரு பெரியவர் வந்து நின்றார். நான் நிதானமாக 100 என்று எழுதி நீட்டினேன்.

அக்கா நடுவில் கை நீட்டி அதை வாங்கி, முன்னும் பின்னும் பார்த்தாள். பெரியவரிடம் கொடுக்காமல் மருந்து ஜன்னல் பக்கம் திரும்பி, அங்கே இருந்த கம்பவுண்டரிடம் நீட்டினாள்.

“அண்ணே, நீங்களும் ஒரு தடவ பாத்துடுங்க. எழுதினது என் தம்பி. ஒருத்தர் பாத்தா போதாது.”