ஜனாஸாவுக்கு வந்தவன்

சார்ஜன்ட் நீட்டிய தாளில் ஸஜீதா கையெழுத்துப் போட்டபோது, வாப்பாவின் மய்யித்தைப் பிரேத பரிசோதனைக்கு உள்ளே கொண்டுபோய் ஒரு மணித்தியாலம் ஆகியிருந்தது.

"அடிபட்டு ஏழு மாசமாச்சு. அதனாலதான் மரணம்னு டொக்டர் எழுதணும்," என்றார் சார்ஜன்ட் சிங்களத்தில். "அவரோட வாக்குமூலமும் இல்ல."

"நீங்க ஆஸ்பத்திரிக்கு வந்த நேரம் அவருக்குப் பேச்சு வரல்ல. பிறகு நீங்க வரவேயில்லயே."

அவர் தாளை மடித்தார்.

வாப்பா ஸக்கரியாவுக்கு யட்டவத்தையில் ஒரு சிறிய மிளகுத் தோட்டம். ஒரு விடிகாலையில் பச்சை மிளகைக் கொடியோடு இழுத்து அறுத்துக்கொண்டிருந்தவனைப் பிடிக்கப் போனார். தலையில் கட்டையால் அடி விழுந்தது. அடித்தவன் றம்ஸீன், நான்கு வீடு தள்ளி இருப்பவன். அவனுடைய நிக்காஹ்வுக்குச் சாட்சிக் கையெழுத்துப் போட்டவரே வாப்பாதான்.

அவனை விளக்கமறியலில் வைத்திருக்கிறார்கள் என்றே வீட்டில் நம்பியிருந்தார்கள். சுவரைப் பிடித்து நடக்கப் பழகியதும் வாப்பா பள்ளிக்கு ஜும்ஆத் தொழுகைக்குப் போனார். தொழ நின்ற வரிசையில், அதே ஸஃப்பில், றம்ஸீன் நின்றான். பிணை கிடைத்து மூன்று வாரமாம். அன்றைக்கு வீட்டுக்கு வந்து கதவைத் தாழிட்டவர், பிறகு வாசற்படி இறங்கவேயில்லை. கேட் சத்தம் கேட்டாலே தாழ்ப்பாளைச் சரிபார்ப்பார்.

பொலிஸில் கேட்டால் கோர்ட்டில் கேட்கச் சொன்னார்கள். கோர்ட்டில் கேட்டால் பொலிஸில். பிணை கொடுத்தால் பாதிக்கப்பட்டவர்களுக்கு அறிவிக்க வேண்டும், பாதுகாப்பும் கேட்கலாம் என்று ஒரு சட்டத்தரணி சொன்னபிறகு, ஸஜீதா விண்ணப்பம் எழுதிக் கொழும்பில் அதற்கென இருக்கும் அதிகாரசபைக்கு அனுப்பினாள். எடுத்த ஒவ்வொரு கோலுக்கும், பரிசீலனையில் இருப்பதாக ஒரு பெண் குரல் மரியாதையோடு சொன்னது. இன்று விடிகாலை சுபஹு நேரம் வாப்பா மவ்த்தானார்.

பின்னேரம் அஸர் தொழுகைக்குச் சற்று முன்புதான் மய்யித்து வீடு வந்தது. குளிப்பாட்டிக் கபன் துணி சுற்றினார்கள். உம்மா மஸீனா, கணவனை இழந்தவள் இருக்கும் இத்தாவுக்கு வெள்ளை உடுத்து அறைக்குள் உட்கார்ந்திருந்தாள். அழுகை ஓய்ந்திருந்தது.

மய்யித்தை வைத்த சந்தூக்கைத் தூக்கும்போது ஸஜீதா ஜன்னலருகில் நின்றாள். வெள்ளைத் தொப்பிகளுக்கு நடுவிலிருந்து ஒருவன் முன்னால் வந்து, தூக்கியவர் ஒருவரோடு தோள் மாற்றிக்கொண்டான். அவள் வாசலுக்கு ஓடினாள்.

"சாச்சா, அது றம்ஸீன்."

வாப்பாவின் தம்பி அன்ஸாப் திரும்பவில்லை. "எனக்கும் தெரியுது மகள்."

"வேணாம்னு சொல்லுங்க."

"ஜனாஸா தூக்க வாறவன எப்படித் தடுக்கிற? பொழுதுபட்டு மஃரிபு ஆக முன்ன அடக்கணும். கேஸ் எப்ப முடியுமோ தெரியா. நாங்க இந்த ஊர்லதானே இருக்கணும்."

"வாப்பா அவனுக்குப் பயந்து பயந்தே..."

அன்ஸாப் செருப்பைத் தேடுவதுபோல் குனிந்தார்.

"ஸஜீதா," உள்ளிருந்து உம்மாவின் குரல் வந்தது. "உள்ள வாங்க மகள். ஆம்பிளைகள் பாக்கிறாங்க."

அவள் கதவு நிலையை விட்டு அசையவில்லை. கலிமா ஓதியபடி கூட்டம் ஒழுங்கையில் இறங்கியது. தூக்கிய மற்ற மூவரையும்விட றம்ஸீன் உயரம். சந்தூக்கு சரிந்துவிடாதபடி, அவன் முழங்காலைச் சற்று மடக்கி, அவர்கள் உயரத்துக்குத் தாழ்ந்து, மிகவும் கவனமாக நடந்து போனான்.