வாயைக் கட்டாதவர்

பஸ் டிரைவருக்குக் கால் மரத்துப்போனதில்கூட அவ்வளவு கோபமில்லை. திருட்டுத்தனமாக இனிப்புத் தின்கிறார் என்று எல்லோரும் சேர்ந்து முடிவு கட்டினார்களே, அதுதான் வயிற்றெரிச்சல். சுகர் வந்த நாளிலிருந்து மனுஷன் கேக் கடை இருக்கிற பக்கம்கூடத் திரும்பியதில்லை. டீயைச் சர்க்கரை இல்லாமல் கஷாயம் மாதிரி விழுங்குவார். அப்படிப்பட்டவரைப் போய்ச் சொன்னால் வயிறு எரியாதா?

முதலில் கால்விரலில் எறும்பு ஊர்கிற மாதிரி இருந்தது. பிறகு எதை மிதித்தாலும் பஞ்சை மிதிக்கிற மாதிரி ஆகிவிட்டது. வழக்கமாகப் பார்க்கும் டாக்டர் அந்தக் காலைத் தொட்டுக்கூடப் பார்க்கவில்லை.

"சுகர்னா நரம்பு இப்படித்தான் போகும். வாயைக் கட்டுங்க."

"கட்டித்தான் சார் இருக்கேன். டெஸ்ட்ல அளவு சரியாத்தானே இருக்கு?"

"டெஸ்டுக்கு முன்னாடி மட்டும் பட்டினி கிடப்பாங்க. எத்தனை பேரைப் பாத்திருக்கேன்." சொல்லிவிட்டு டாக்டர் பக்கத்திலிருந்த மனைவியைப் பார்த்துச் சிரித்தார்.

அந்தச் சிரிப்பு போதாதா? அன்றிலிருந்து வீட்டில் துப்பறியும் வேலைதான். சட்டைப்பையைத் துழாவுவதும், டிபன் டப்பாவைத் திறந்து பார்ப்பதும். "எங்க நின்னு தின்னீங்க, சொல்லிடுங்க, திட்டமாட்டேன்" என்பாள் மனைவி. அவர் சாப்பாட்டைப் பாதியில் விட்டு எழுந்துபோவார்.

நடுவில் முகம் வெளிறி, மூச்சு வாங்கியது. ரத்தம் குறைவு என்று டாக்டர் ஃபோலிக் ஆசிட் மாத்திரை எழுதினார். ரத்தம் தேறிவிட்டது, டாக்டருக்குப் பெருமை பிடிபடவில்லை. கால் மட்டும் மோசமாகிக்கொண்டே போனது.

கடைசியில் ஒரு சிக்னலில் பிரேக் மேல் கால் இருப்பதாகத்தான் நினைத்தார். இல்லை. பஸ் முன்னால் நின்ற வேனில் போய் முட்டியது. நல்லவேளை, ஒரு குழந்தைக்கு நெற்றி வீங்கியதோடு போயிற்று. அவரே சாவியைக் கண்டக்டரிடம் கொடுத்துவிட்டு இறங்கினார். கால் சரியாகும்வரை ஸ்டியரிங்கைத் தொடக்கூடாது என்று டிப்போவில் சொல்லிவிட்டார்கள்.

டாக்டர் லீவு. அவருக்குப் பதிலாக வந்திருந்த சின்ன டாக்டரம்மா, கண்ணை மூடி நிற்கச் சொன்னார். ஆள் தள்ளாடினார். உடனே ரத்தத்தில் வைட்டமின் பி12 எவ்வளவு என்று பார்க்கச் சொன்னார். அது அதலபாதாளத்தில் கிடந்தது.

"நீங்க சாப்பிடற சாப்பாட்டுல பி12 இருக்கு. ஆனா இந்த சுகர் மாத்திரையை வருஷக்கணக்கா சாப்பிட்டா சிலருக்குக் குடல் அதைச் சரியா உறிஞ்சாது. ஈரல்ல இருக்கற சேமிப்பை வெச்சு உடம்பு சில வருஷம் ஓட்டிடும். அது தீர்ந்ததும் நரம்பு மேல இருக்கற உறை கெட ஆரம்பிக்கும், ஒயர் மேல இருக்கற பிளாஸ்டிக் உரியற மாதிரி."

"ரத்தம் தேறிடுச்சுன்னாரே?"

"ஃபோலிக் ஆசிட் ரத்தத்தைத் தேத்திடும். நரம்பைக் காப்பாத்தாது. ரத்தம் நல்லா இருக்குன்னு நாம சும்மா இருந்துடுவோம்." ஊசி எழுதினார். "கால்ல உணர்ச்சி ஓரளவு திரும்பும். பழையபடி ஆகும்னு சொல்ல முடியாதுங்க. முன்னாடியே பாத்திருக்கணும்."

பழைய டாக்டர் லீவு முடிந்து வந்த அன்றே டிரைவரும் மனைவியும் போய் எதிரில் உட்கார்ந்தார்கள். அவர் ரிசல்ட்டைப் புரட்டிவிட்டு, "ஒரு வைட்டமின்தானே, ஊசி போட்டா ஆச்சு" என்றார்.

டிரைவருக்கு உடம்பெல்லாம் பற்றிக்கொண்டு வந்தது. "அன்னைக்கு பஸ்ல யாராவது செத்திருந்தா? அப்பவும் நான் வாயைக் கட்டலன்னுதானே சொல்லியிருப்பீங்க?"

"நடக்காததை ஏன் பேசறீங்க? அடுத்தவங்களை வரச் சொல்லுங்க."

டிரைவர் எழுந்தார். மனைவி எழவில்லை.

"அடுத்தவங்க இருக்கட்டும்" என்றாள். "தூங்கும்போது இவர் வாயை நான் மோந்து பாத்திருக்கேன், டாக்டர். இனிப்பு வாசனை வருதான்னு. தினமும். கட்டின புருஷனை விட்டுட்டு உங்களை நம்பினேன்."

டிரைவருக்கே இது இப்போதுதான் தெரியும். எழுந்தவர் மறுபடி அவள் பக்கத்தில் உட்கார்ந்தார்.

"இவருகிட்ட மன்னிப்புக் கேளுங்க," என்றாள் அவள். "கேட்டப்புறம் நாங்க போறோம்."