மூன்றாவது பெயர்

ஞாயிற்றுக்கிழமை என்று செல்களுக்குத் தெரியாது. ஒருநாள் திரவம் மாற்றாமல் விட்டாலும் சுருங்கிச் செத்து மிதக்கத் தொடங்கிவிடும். அதனால் தாரணி விடுமுறையிலும் சிங்கப்பூரின் வடக்கே ஈசூனிலிருந்து ரயிலேறி ஆய்வுக்கூடத்துக்கு வந்திருந்தாள். கண்ணாடித் தடுப்புக்குக் கீழே கைகளை நுழைத்து, தட்டுகளில் இருந்த பழைய திரவத்தை உறிஞ்சி எடுத்துவிட்டுப் புதியதை மெதுவாக இறக்கினாள். ஏசி குளிரில் தோள்பட்டை இறுகி வலித்தது.

"தாரணி, முடிச்சிட்டு என் ரூமுக்கு வாங்க."

வாசலில் பேராசிரியர் நிரஞ்சனா நின்றிருந்தார். ஆய்வுக்கூடத்தின் தலைவர். ஞாயிற்றுக்கிழமைகளில் அவர் வருவதே இல்லை.

அறைக்குள் போனதும் அவர் சுற்றி வளைக்கவில்லை.

"உங்க கான்ட்ராக்ட் ரினியூ ஆகல. நான் பேசிப் பார்த்தேன் லா. கமிட்டி ஒத்துக்கல."

"ஏன் மேடம்?"

"ஃபர்ஸ்ட் ஆத்தரா உங்களுக்கு ஒரு பேப்பர்கூட இல்லையாம்."

தாரணி மேசையின் விளிம்பைப் பார்த்துக்கொண்டிருந்தாள். ஈரலில் தழும்பு எப்படிப் படர்கிறது என்பதை, ஜவ்வரிசி அளவு கூழ் உருண்டைகளுக்குள் செல்களை வளர்த்துக் காட்டியவள் அவள். ஆரம்பத்தில் வைத்ததெல்லாம் செத்தது. உருண்டைகள் இறுகாமல் கரைந்தன. அவை நிலைத்தபோது கட்டுரையை எழுதியதும் அவள்தான். அனுப்புவதற்கு முந்தின நாள், ஆய்வைச் செய்தவருக்கு உரிய முதல் பெயராக டாக்டர் ரஞ்சன் வந்தார். ஆராய்ச்சிப் பணம் அவருடைய மருத்துவமனை வழியாக வந்திருந்தது. கணக்கீடு செய்தவர் இரண்டாவது. தாரணி மூன்றாவது. "அடுத்தது உங்களோடது" என்றார் நிரஞ்சனா. அப்போது அவளுடைய வேலை அனுமதி புதுப்பிப்புக்குப் போயிருந்தது. தலையாட்டிவிட்டாள். அந்த அடுத்தது வரவே இல்லை.

"அந்த பேப்பர் மேடம்..."

"எனக்குத் தெரியாதா? இப்ப கிட்னி, லங்ஸ், ஹார்ட்னு எல்லா ஃபீல்டுலயும் அவங்க பேப்பர்ல நம்ம மெத்தடைத்தான் சைட் பண்றாங்க. அந்த சைட்டேஷன் நம்பர் இருக்கிறதாலதான் இந்த லேப்புக்கு கிரான்ட் வருது. இல்லன்னா உங்களோட சேர்ந்து மத்தவங்களும் வீட்டுக்குப் போகணும்." அவர் கண்ணாடியைக் கழற்றி மூக்கைத் தேய்த்துக்கொண்டார். "போறதுக்கு முன்னாடி மெத்தட் வீடியோ ஒண்ணு எடுத்துடலாம். பார்த்துச் செய்றவங்க கூடுவாங்க, சைட்டேஷனும் ஏறும். உங்களுக்கு நல்ல ரெஃபரன்ஸ் லெட்டர் தர்றேன்."

லிட்டில் இந்தியாவில், சிராங்கூன் சாலையோரத்துச் சாப்பாட்டுக் கடையில், கணவன் அழகேசன் மகளோடு காத்திருந்தான். தென்காசியில் பள்ளி ஆசிரியர் வேலையை விட்டுவிட்டு, மனைவியின் வேலையை நம்பி இங்கே வந்தவன். சமையலும் மகளைப் பள்ளிக்கு அழைத்துப் போவதும் அவன் பொறுப்பு. கடை நிறைய ஆட்கள். நடைபாதையிலும் உட்கார்ந்து ஊருக்குப் போனில் பேசிக்கொண்டிருந்தார்கள். அந்த இரைச்சலில் அவள் சொன்னதை இரண்டு முறை சொல்ல வேண்டியிருந்தது.

"அப்போ நம்ம மூணு பேரும் இங்க தங்குற பாஸும் போயிடுமா?"

"ம். கேன்சல் ஆனா ஒரு மாசம்தான் இருக்கலாம்."

"அனுவோட ஸ்கூல்?"

அனுப்ரியா வடையைச் சாம்பாரில் முக்கிக்கொண்டிருந்தாள்.

"வீடியோல்லாம் எடுத்துத் தர முடியாதுன்னு சொல்லிடு. அவங்களே செஞ்சு பாக்கட்டும்."

"சொல்லலாம். அப்புறம் லெட்டர் வராது. மூணாவது பேரை வச்சுக்கிட்டு நான் எங்க போய் நிக்கிறது?"

அழகேசன் மகளின் வாயைத் துடைத்துவிட்டான்.

படப்பிடிப்புக்கு ரியாஸ் என்ற இளைஞன் விளக்குகளோடு வந்தான். டாக்டர் ரஞ்சன் சலவை மடிப்புக் கலையாத வெள்ளைக் கோட்டில் வந்து, தாரணி எழுதிக் கொடுத்ததை உதட்டுக்குள் ஒருமுறை படித்துப் பார்த்தார். ஓரிடத்தில் நிறுத்தி, "இந்த வார்த்தையை எப்படிச் சொல்லணும்?" என்று அவளிடமே கேட்டார். சொன்னாள்.

"அக்கா, உங்க முகத்தையும் ஒரு ஷாட் எடுத்துக்கட்டுமா?" என்றான் ரியாஸ்.

அவள் நிமிர்வதற்குள் நிரஞ்சனா சொன்னார். "வேணாம் லா. டாக்டர் பேசுவாரு. இவங்க கை மட்டும் போதும்."

ரியாஸ் கேமராவைத் தாழ்த்தினான். "கொஞ்சம் பின்னாடி தள்ளிக்குங்கக்கா. தலை உள்ள வருது."

தாரணி உடம்பைப் பின்னுக்கு இழுத்து, கைகளை மட்டும் வெளிச்சத்துக்குள் நீட்டினாள். பக்கத்தில் ரஞ்சன் ஆங்கிலத்தில் படிக்கத் தொடங்கினார். நான் செல்களைக் கூழோடு கலக்கிறேன். நான் ஒரே சீராகச் சொட்டு விடுகிறேன். அவள் கை அவர் குரலை முந்திக்கொண்டு போனது.

"அக்கா, ஸ்லோவா. அவர் படிச்சு முடிக்கிற வரைக்கும் அப்படியே பிடிங்க."

அவள் பிடித்தாள். குழாய் முனையில் சொட்டு ஒன்று திரண்டு தொங்கியது. ரஞ்சன் ஒரு வார்த்தையில் தடுக்கி, வரியை முதலிலிருந்து படித்தார். முழங்கை நடுங்காமல் மூச்சை அடக்கிக்கொண்டு, அவர் முடிப்பதற்காக அவள் காத்து நின்றாள்.