விட்டுப்போன நான்காவது வரி

“14.10.2008, செவ்வாய். மின்தடை: காலை 10 முதல் 12, மாலை 3 முதல் 5. மனுவை நகல் எடுத்தபோது நான்காவது வரியை விட்டுவிட்டேன். கவனக்குறைவு.”

மாலைக் கல்லூரியின் கடைசி பெஞ்சில் உட்கார்ந்து இதை எழுதிய அந்தோணிராஜ், கடைசிச் சொல்லை அடித்தான். திரும்ப எழுதினான். திரும்பவும் அடித்தான். அன்றைய பாடம் அவன் காதில் ஏறவே இல்லை.

வேலம்பாளையத்தில் அவன் வேலை பார்த்த பனியன் கம்பெனி வாசலில் ஐந்து கொடிக்கம்பங்கள் நின்றன. ஐந்து கட்சி, ஐந்து தொழிற்சங்கம். கரண்ட் போய்ப் போய் வந்ததில் உருப்படிக் கணக்கில் கூலி வாங்கும் பீஸ்ரேட் ஆட்களின் பிழைப்பு பாதியாகிவிட, சங்கங்கள் ஒன்றுகூடி மின்வாரியத்துக்கு மனு தயாரித்தன. கையெழுத்து அழகாக இருக்கிறதென்று நகல் எடுக்கும் வேலை அவனிடம் வந்தது. விட்டுப்போன வரி இதுதான்: கூடங்குளம் அணு உலையை உடனே திறக்க வேண்டும்.

அந்த உலைக்குப் பக்கத்துக் கடற்கரைதான் அவன் ஊர். அப்பாவும் அம்மாவும் இன்னும் அங்கேதான் இருந்தார்கள்.

சங்கத் தலைவர்கள் மனுவைப் படிப்பதில்லை. கொடிக்கம்ப வரிசைப்படி தங்கள் பெயர் இருக்கிறதா என்று மட்டும் பார்ப்பார்கள். ஐவரும் அப்படியே பார்த்துக் கையெழுத்துப் போட்டுவிட்டார்கள். வியாழக்கிழமை கொண்டுபோய்க் கொடுக்க வேண்டியதுதான் பாக்கி. வாயை மூடிக்கொண்டால் யாருக்கும் தெரியாது. சொன்னால், இனி ஒரு காகிதத்தைக்கூட நம்பி அவன் கையில் கொடுக்க மாட்டார்கள்.

புதன்கிழமை டீ நேரத்தில் வாசலில் ஐவரும் நிற்கும்போது அவன் சொல்லிவிட்டான்.

முதல் கம்பத்துச் சங்கத்தின் தலைவர் மகுடேஸ்வரன் டீயைக் கீழே வைத்தார். “ஏனப்பா, மறந்து உட்டயா, வேணும்னே உட்டயா?”

“எனக்கே தெரியலண்ணே. எங்க வீட்டு வாசல்ல நின்னா அந்த உலை தெரியும். அந்த வரிகிட்ட வந்ததும் கை தாண்டிப் போயிருச்சு.”

“உன்ற கை தாண்டுனா எங்க மிஷினு நிக்கோணுமா?”

இரண்டாவது கம்பத்துக்காரர் வரி வேண்டும் என்றார். மூன்றும் நான்கும் வேண்டாம் என்றன. எல்லோரும் ஐந்தாவது கம்பத்துப் பழனாயியைப் பார்த்தார்கள். அவர் சங்கத்தில் பதினோரு பேர்தான்.

“காத்தாலைக்கு லைன் போடச் சொல்லி எழுதுங்க,” என்றார் பழனாயி.

“ஐப்பசி பொறக்கப்போகுது, இனிக் காத்து ஏதுங்க்கா?” என்றார் மகுடேஸ்வரன். “நீங்க போயி ஊதிச் சுத்த உடறீங்களா?”

“ஆடில சுத்துன கரண்டையே கொண்டு வரக் கம்பி பத்தலைன்னு காத்தாடிய நிறுத்துனாங்களாமா. அத மொதல்ல கேளுங்க.”

மகுடேஸ்வரன் தலையில் அடித்துக்கொண்டார். “இதுக்குத்தானுங்க ரெண்டு கொடி போதுங்கறது. ஒண்ணு ஆள, ஒண்ணு கேள்வி கேக்க. அஞ்சு பேரு கூடுனா ஒரு வரிக்கு அரை நாளாகுது.”

“ரெண்டே கொடின்னா என்ற பதினோரு பேரு என்ன பண்றதுங்க? உங்க கொடிக்கு ஓரம் அடிக்கறதா?”

மகுடேஸ்வரனே சிரித்துவிட்டார். மணி அடித்தது. அவசரத்தில் முடிவானது இதுதான்: மேலே பொதுவான கோரிக்கை, கீழே அவரவர் சங்கத்துக்கு அவரவர் வரி, பழையதைக் கிழித்துவிட்டுப் புதுசாகக் கையெழுத்து.

“இந்தத் தடவை வேற ஆளு எழுதட்டும்,” என்றார் இரண்டாவது கம்பத்துக்காரர்.

“வேண்டாம்,” என்றார் மகுடேஸ்வரன். “உட்டவனே எழுதட்டும். எங்க வரியை எழுதறப்ப நான் பக்கத்துல நிக்கறேன்.”

பழனாயி உள்ளே போகும் வழியில் நின்றார். “எங்க வரி என்னன்னு நீயே ரோசனை பண்ணி எழுதீரு கண்ணு. எனக்கு அத்தனை எழுத வராது.”

அன்று மாலை வகுப்பில் அவன் பழனாயியின் வரியை ஏழு தடவை எழுதிப் பார்த்தான். ஒன்றும் பிடிக்கவில்லை. காற்று நிற்கும் மாதங்களுக்கு என்ன பதில் என்று அவனுக்கும் தெரியவில்லை. பிறகு டைரியைத் திறந்தான்.

“15.10.2008, புதன். மின்தடை: காலை 10 முதல் 12, மாலை 4 முதல் 6. நேற்றையது கவனக்குறைவு அல்ல என்றே நினைக்கிறேன். நாளை காலை ஏழு மணிக்கு கம்பெனி கேட்டில் இருக்க வேண்டும். அணு உலை வரியையும் காற்றாலை வரியையும் ஒரே பேனாவால், ஒரே அளவு எழுத்தில் எழுத வேண்டும். கையெழுத்துப் போடுவதற்கு முன் ஐந்து பேருக்கும் சத்தமாகப் படித்துக் காட்ட வேண்டும்.”