பெயின்ட் அடிக்காத இடம்

என் கணவருக்கு என் செல்போன் எண் மனப்பாடமில்லை. கேட்டால் ஏழாவது இலக்கத்தில் தடுமாறுவார். ஆனால் அவருடைய அப்பா விட்டுப்போன காரின் இன்ஜின் நம்பரைத் தூக்கத்தில் எழுப்பிக் கேட்டாலும் கடகடவென்று ஒப்பிப்பார். வண்டிப் புத்தகத்தில் இருக்கிற நம்பரும் இன்ஜினில் குத்தியிருக்கிற நம்பரும் ஒன்றுதான். அறுபது வருஷமாக மாற்றாத இன்ஜின். பழைய கார் சங்கத்தில் அதற்காகவே அவருக்கு முன்வரிசையில் நாற்காலி.

அந்த இன்ஜினைக் கொன்ற பாவி நான். எட்டு மாதமாகச் சொந்தக்காரர்கள் நடுவில் எனக்கு இதுதான் பெயர்.

நடந்தது இவ்வளவுதான். நாத்தனார் வீட்டுக்குப் போகிற வழியில், ஒரு நீளமான ஏற்றத்தில் கார் கொதித்து நின்றுவிட்டது. அவர் பானெட்டைத் திறந்துவைத்துவிட்டு, சிக்னல் தேடிப் போனைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு சாலையோடு நடந்தார். "ஆறினதும் கொஞ்சம் தண்ணி ஊத்து" என்று சொல்லிவிட்டுப் போனதும் அவர்தான். அரை மணி நேரம் வெயிலில் நின்றேன். ஆவி அடங்கி, ரேடியேட்டர் மூடியைத் தொட முடிகிற வரை காத்திருந்து, என் பையில் கிடந்த பாட்டில் தண்ணீரை ஊற்றினேன். அந்தத் தண்ணீரும் வெயிலில் வெதுவெதுப்பாகத்தான் இருந்தது. அவர் வந்தார், வண்டியைக் கிளப்பினார், இரண்டு கிலோமீட்டர் ஓடியது. பிறகு இன்ஜினின் பக்கவாட்டில் இருந்து தண்ணீர் கொட்ட ஆரம்பித்து ஒரேயடியாக நின்றது.

அன்று சாயங்காலமே நாத்தனார் வீட்டு ஹாலில் அறிவித்துவிட்டார்: "இவ தண்ணிய ஊத்தி இன்ஜின் பிளாக்கையே பிளந்துட்டா." வெறும் வாயை மெல்லுகிறவளுக்கு அவல் கிடைத்தால் கேட்க வேண்டுமா? நாத்தனார் அதை நான்கு வீட்டுக்குப் போன் போட்டுச் சொன்னாள். அதற்குப் பிறகு, ஒவ்வொரு தடவை கதை சொல்லும்போதும் தண்ணீர் குளிர்ந்துகொண்டே போனது. முதலில் வெறும் தண்ணீர். அடுத்த வாரம் பச்சைத் தண்ணீர். சங்கத்துக்குப் போய்ச் சேர்ந்தபோது அது ஐஸ் தண்ணீர் ஆகியிருந்தது. நான் நின்ற அரை மணி நேரமும் சுருங்கிச் சுருங்கி, "நான் திரும்பிப் பாக்கறதுக்குள்ள ஊத்திட்டா" என்று ஆகிவிட்டது. இத்தனைக்கும் மனுஷன் இன்சூரன்ஸில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவர். விபத்தில் யார் மேல் தப்பு என்று எழுதிக் கொடுப்பதற்குத்தான் முப்பது வருஷம் சம்பளம் வாங்கினார்.

மகள் வீட்டில் சம்பந்திகள் முன்னால்தான் உச்சம். "இவளை அடுப்புப் பக்கம் நம்பி விடாதீங்க, எது சூடா இருந்தாலும் ஊத்தி அணைச்சிடுவா" என்றார். எல்லோரும் விழுந்து விழுந்து சிரித்தார்கள். என் மகளும் சிரித்தாள். நான் காலித் தட்டுகளை அள்ளிக்கொண்டு உள்ளே போய், கழுவின தட்டையே மறுபடி கழுவிக்கொண்டு நின்றேன். அழுகையாக இருந்தால்கூடப் பரவாயில்லை, ஆத்திரம். வெளியே சொல்ல முடியாத ஆத்திரம் என்ன செய்யும் என்று அன்றைக்கு என் கையில் உடைந்த கண்ணாடி டம்ளரைக் கேட்டால் சொல்லும்.

மெக்கானிக் வேறு ஒரு இன்ஜின் பார்த்து வைத்திருந்தார். அவருக்கு எல்லோரும் வைத்த பெயர் 'அவசரம்'. எந்த வேலையையும் அவசரமாகச் செய்யாதவர் என்பதால் வந்த பெயர். அதே கம்பெனியின் பிற்கால இன்ஜின், அதே இடத்தில் அப்படியே உட்காரும் என்றார். நானும் நாயாய்க் கத்தினேன், அதைப் போட்டுத் தொலையுங்கள் என்று. அந்த இரும்பு ஒழிந்தால் இந்தப் பேச்சும் ஒழியும் என்பது என் கணக்கு. என் கணவர் ஒத்துக்கொள்ளவே இல்லை. "எங்கப்பா கை பட்ட இன்ஜின். நீ பண்ண வேலைக்கு நான் அதத் தூக்கிப் போடணுமா?" என்பார். அப்பா என்ற வார்த்தை வந்ததும் குரல் தழுதழுக்கும்.

கடைசியில் அவசரம், பிளாக்கைக் கழுவிச் சோதித்துப் பார்த்துவிட்டால் வைப்பதா மாற்றுவதா என்று முடிவாகிவிடும் என்று சொல்லி ஒரு நாள் குறித்தார். அன்றைக்கு இவருக்குச் சங்கக் கூட்டம். நம்பரைச் சரிபார்க்க வண்டிப் புத்தகம் வேண்டுமாம். எனக்கு மதியத்தோடு வேலை முடிந்திருந்தது.

"புக்கைக் குடுத்துட்டு வந்துடு. நான் நாலு மணிக்குப் போறேன். நீ எதையும் தொடாத" என்றார்.

தொடாதேயாம். போனேன்.

பட்டறையில் அவசரம் மட்டும் ஒரு ஸ்டூலில் உட்கார்ந்து எதையோ துடைத்துக்கொண்டிருந்தார். இரண்டு மரக்கட்டைகளின் மேல் பிளாக் இருந்தது. எனக்கு முதலில் அடையாளமே தெரியவில்லை. இத்தனை வருஷமும் அதைக் கிளிப்பச்சை பெயின்டோடு பார்த்துத்தான் பழக்கம். அந்த ஃபேக்டரி பெயின்டை என் கணவர் மெல்லிய துணியால் துடைப்பதைப் பார்த்திருக்கிறேன். இப்போது காஸ்டிக் சோடாத் தொட்டியில் வெந்து, பெயின்ட் முழுக்கப் போய், வெறும் சாம்பல் நிற இரும்பாக உட்கார்ந்திருந்தது. பக்கவாட்டில் ஒரு சாண் நீளத்துக்கு விரிசல்.

சரி, நாம் செய்த கொலையை நாமும் ஒரு தடவை பார்ப்போம் என்று குனிந்தேன்.

நான் ஆஸ்பத்திரியில் எக்ஸ்ரே எடுக்கிறவள். இருபத்தாறு வருஷமாக உடைந்த எலும்புகளோடுதான் பிழைப்பு. நேற்று விழுந்து உடைந்ததா, எப்போதோ உடைந்ததா என்பது டாக்டர் எழுதுவதற்கு முன்பே எனக்குத் தெரிந்துவிடும். புதிய முறிவின் விளிம்பு கூர்மையாக இருக்கும். பழையது மழுங்கியிருக்கும். இரும்பைப் பற்றி எனக்கு ஒன்றும் தெரியாதுதான். ஆனால் அந்த விரிசலின் கடைசி இரண்டு விரற்கடை மட்டும் பளிச்சென்று இருந்தது. மீதி எல்லாம் உள்ளுக்குள் பழுப்பேறித் துருப்பிடித்திருந்தது. துருவுக்கு நடுவில் வெள்ளையாக ஏதோ ஒட்டிக்கொண்டிருந்தது.

"அவசரம், இது என்ன?"

"எதுக்கா?"

"இந்த வெள்ளை."

அவர் ஸ்டூலை விட்டு எழுந்திருக்கவில்லை. "பட்டிக்கா" என்றார்.

"காரு பாடியில நெளிசல் இருந்தா பூசுவாங்களே, அந்தப் பட்டியா?"

"அந்த மாதிரிதான். இது கொஞ்சம் சூடு தாங்கும்."

"இரும்பு தானா எழுந்து போய்ப் பட்டி பூசிக்கிச்சா?"

அவர் மறுபடி துடைக்க ஆரம்பித்தார். நான் வண்டிப் புத்தகத்தை அவர் மடியில் போட்டேன். போட்டேன் என்ன, எறிந்தேன்.

"சொல்லுங்க. நான் எட்டு மாசமா கொலைகாரியா இருக்கேன். சொல்லுங்க."

சொன்னார். ஆறு வருஷத்துக்கு முன்னால் பிஸ்டன் மாற்ற இன்ஜினைப் பிரித்தபோது அந்த இடத்தில் ஈரம் கசிந்ததாம். "பெயின்ட எடுத்துட்டு டெஸ்ட் பண்ணணும்னேன். சார் கூடாதுன்னுட்டாரு. ஃபேக்டரி பெயின்ட், போனா வராது, சங்கத்துப் போட்டியில மார்க் போயிடும்னாரு. அந்த இடத்த மட்டும் லேசா சுரண்டிப் பாத்தோம். மயிரிழை மாதிரி விரிசல்."

"பாத்தோம்னா?"

"நானும் சாரும். டார்ச் புடிச்சதே அவருதான்."

"அப்புறம்?"

"தச்சிடலாம்னேன். விரிசல் நெடுக ஓட்டை போட்டு இரும்புத் திருகாணிய இறுக்கித் தைக்கிறது. நிக்கும். ஆனா தச்சது தெரியும். தெரியக் கூடாதுன்னுட்டாரு. பட்டி வச்சு, அதே பச்சையக் கலந்து மேல தொட்டுவிட்டோம்."

"நான் ஊத்தின தண்ணி?"

"அந்தத் தண்ணியாலதான் வண்டி ரெண்டு கிலோமீட்டராவது ஓடிச்சுக்கா. பட்டி உதிர்ந்து ஏற்கெனவே ஒழுகிட்டு இருந்திருக்கு. அதனாலதான் ஏத்தத்துல கொதிச்சதே."

என் கணவருக்கு எல்லாம் தெரிந்திருக்கிறது. டார்ச் பிடித்துப் பார்த்திருக்கிறார். அன்று சாலையில் தண்ணீர் கொட்டிய இடத்தைப் பார்த்த கணமே அவருக்குத் தெரிந்திருக்கும், எந்த இடம், எந்த விரிசல் என்று. தெரிந்துகொண்டே அன்று சாயங்காலம் ஹாலில் கால்மேல் கால் போட்டு உட்கார்ந்து, இவ பிளந்துட்டா என்றார். முழுப் பூசணிக்காயைச் சோற்றில் மறைத்தார். சோறு நான்.

"நீங்களும் எங்க வீட்டுக்கு வந்தீங்களே அவசரம். நான்தான் காப்பி குடுத்தேன். அவர் ஐஸ் தண்ணிக் கதை சொல்லும்போது எதிர்ல உக்காந்திருந்தீங்களே."

"நான் சிரிக்கலக்கா."

"சிரிக்காம உக்காந்திருந்தீங்க. அது ஒரு பெருமையா?"

அவர் தலையைக் குனிந்துகொண்டார். குனியட்டும். நான் வீட்டுக்குப் போகவில்லை. இன்னொரு ஸ்டூலை இழுத்துப் போட்டு, பிளாக்குக்குப் பக்கத்தில் உட்கார்ந்தேன். நாலு மணி வரை அங்கேயே இருந்தேன். அவசரம் இரண்டு தடவை டீ வேண்டுமா என்று கேட்டார். இரண்டு தடவையும் முறைத்தேன்.

சங்க நண்பர் ஒருவர் வாசலில் இறக்கிவிட்டுப் போக, என் கணவர் சிரித்த முகமாகத்தான் உள்ளே வந்தார். என்னைப் பார்த்தார். பெயின்ட் இல்லாத பிளாக்கைப் பார்த்தார். கண் நேராக அந்த இடத்துக்குப் போனது. வேறு எங்கும் தேடவில்லை, நேராக அங்கேதான் போனது. பிறகு அவசரத்தின் முகத்தைப் பார்த்தார். அவசரம் சுவரைப் பார்த்தார்.

"சரி" என்று தொண்டையைக் கனைத்துக்கொண்டார். "நானும் யோசிச்சேன் அவசரம். இத வச்சுக்கிட்டு மாரடிக்க முடியாது. அந்த வேற இன்ஜினையே போட்டுடு. இத எடைக்குத் தள்ளிடலாம்."

அப்பா எங்கே? எட்டு மாதமாகத் தழுதழுத்த குரல் எங்கே? ஒரே நிமிஷத்தில் அப்பாவையும் சேர்த்து எடைக்குப் போட்டுவிட்டார்.

"கூடாது" என்றேன்.

"நீதானே மாத்துங்க மாத்துங்கன்னு உயிர எடுத்த?"

"அப்ப எனக்குத் தெரியாது. உங்களுக்குத் தெரியும்."

"இங்க பாரு, அது அப்ப சின்னக் கீறல். நீ ஊத்தின அப்புறம்தான்..."

"இன்னும் ஒரு வார்த்தை அந்தத் தண்ணியப் பத்திப் பேசினீங்க, நான் மனுஷியா இருக்க மாட்டேன்."

பட்டறை வாசலில் போன ஒருவர் நின்று திரும்பிப் பார்த்தார். என் கணவர் குரலைத் தாழ்த்தினார். "சரி, தப்புதான். எல்லாரும் மறந்தாச்சு. இப்ப எதுக்குக் கிளர்ற? வேற இன்ஜின் போட்டா உனக்கும் நிம்மதிதானே?"

"தாராளமா போடுங்க. ஆனா இந்த பிளாக் எடைக்குப் போகாது. நான் வீட்டுக்கு எடுத்துட்டுப் போவேன். ஹால்ல டிவி பக்கத்துல வைப்பேன். வர்றவங்க, போறவங்க, உங்க அக்கா, சம்பந்தி, உங்க சங்கத்து ஆளுங்க, எல்லாரும் பாக்கட்டும். ஹால்லயா, காருக்குள்ளயா? எங்கன்னு நீங்களே சொல்லுங்க."

அவர் என்னைப் பார்த்த பார்வையில் இருந்து புரிந்தது, நான் செய்வேன் என்பது அவருக்குத் தெரிந்துவிட்டது. முப்பத்தொரு வருஷத்தில் அந்த ஒரு விஷயத்தையாவது என்னைப் பற்றித் தெரிந்துவைத்திருந்தார்.

"காருக்குள்ளயே இருக்கட்டும்" என்றார்.

"அவசரம், தைங்க. எத்தனை திருகாணி வேணுமோ போடுங்க. மத்த இடமெல்லாம் பச்சை அடிச்சுக்குங்க. தச்ச இடத்துல ஒரு சொட்டு பெயின்ட் படக் கூடாது."

"சாருக்குப் போட்டியில..." என்று அவசரம் இழுத்தார்.

"போட்டியில கேப்பாங்க" என்றார் என் கணவர். "யாரு பானெட்டத் தொறந்தாலும் மொதல்ல அதுதான் கண்ணுல படும். நான் என்ன சொல்றது?"

"உங்களுக்கா சொல்லத் தெரியாது? எட்டு மாசமா ஒரு சபை விடாம சொன்னவருக்கு."

அவசரம் தன் வழக்கப்படி ஐந்து வாரம் எடுத்துக்கொண்டார். பதினொரு திருகாணி. தைத்த இடம் வெறும் இரும்பாக, உள்ளங்கை அகலத்துக்கு, கிளிப்பச்சைக்கு நடுவில் இருக்கிறது. ஒரு சொட்டுத் தண்ணீர்கூடக் கசியவில்லை.

வண்டி வீட்டுக்கு வந்த ஞாயிற்றுக்கிழமை நாத்தனாரை நானே போன் போட்டு வரச் சொன்னேன். மகளும் வந்தாள். அவர் இன்ஜினை ஓடவிட்டு, பானெட்டைத் திறந்து, நம்பர் குத்திய இடத்தைக் காட்டினார். நாத்தனாருக்குக் கண் வேறு இடத்தில்.

"என்னடா இது, இங்க மட்டும் பெயின்ட் அடிக்காம விட்டுட்டான்?"

அவர் என்னைப் பார்த்தார். நான் கையைக் கட்டிக்கொண்டு நின்றேன்.

"அது விரிசல் இருந்த இடம்."

"ஓ, இவ ஐஸ் தண்ணி ஊத்தினாளே, அதா?"

அவர் இன்ஜினை நிறுத்தினார். சத்தம் அடங்கியதும் தப்பிக்க இடமில்லாமல் போய்விட்டது.

"இல்லக்கா. விரிசல் முன்னாடியே இருந்தது."

"எப்பத்துல இருந்து?" என்றேன் நான்.

"ஆறு வருஷமா."

"யாருக்குத் தெரியும்?"

பானெட்டின் விளிம்பைக் கட்டைவிரலால் தேய்த்துக்கொண்டே இருந்தார். "எனக்குத் தெரியும். இவ மேல தப்பில்ல. நான்தான் மறைச்சேன்."

நாத்தனார் வாயைத் திறந்தாள், மூடினாள். அவள் வாய் மூடி நான் பார்த்தது அன்றுதான். என் மகள் என் பக்கத்தில் வந்து தோளைத் தொட்டாள்.

"விடும்மா. அப்பா சும்மா ஜோக்குக்குத்தானே சொல்லிட்டிருந்தார். நிக்க வச்சு இப்படிக் கேள்வி கேக்கறியே, பாவமில்லையா?"

அவள் கையை எடுத்துக் கீழே விட்டேன்.

"ஜோக்குதானே? அப்ப சிரி" என்றேன். "சம்பந்தி வீட்டுல சிரிச்சியே, அதே மாதிரி சிரி. நான் கேக்கறேன்."

அவள் சிரிக்கவில்லை. முகம் சிவந்து, அப்பாவைப் பார்த்தாள். அவரும் சிரிக்கவில்லை. நான் காத்துக்கொண்டு நின்றேன்.