சாம்பல் நிறப் போர்வை

எனக்குப் பொறாமையே கிடையாதுன்னு சொல்றவங்களை நான் நம்ப மாட்டேன். எனக்கு உண்டு. அதுவும் ஒரு யானைக்குட்டி விஷயத்துல, என்னைவிடப் பத்து வயசு சின்னவ ஒருத்தி மேல. கேக்கறவங்க சிரிச்சுக்கட்டும்.

தாயில்லாத யானைக்குட்டிகளை வளக்கற இடத்துல எனக்கு ஒன்பது வருஷ வேலை. பால் குடுக்கறவங்க மொத்தம் எட்டுப் பேர். எங்க டாக்டர் ஒரு சட்டம் வெச்சிருக்கார். எந்தக் குட்டிக்கும் ஒரே ஆள் தொடர்ந்து பால் குடுக்கக் கூடாது, வேளைக்கு வேளை ஆள் மாறணும். "ஒருத்தரையே அம்மான்னு பிடிச்சுக்கிட்டா, அவங்க ஒரு வாரம் வரலைன்னா பட்டினி கிடந்தே செத்துடும்"னு படிச்சுப் படிச்சுச் சொல்வார். புதுசா வர்றவங்களுக்கு நானே அதை ஒப்பிச்சிருக்கேன்.

பால் குடுக்கறதுலயும் ஒரு முறை இருக்கு. எங்க ஒவ்வொருத்தருக்கும் ஒரு கம்பளிப் போர்வை உண்டு; அவங்கவங்க முறையில அதைக் கொட்டகைக்கு நடுவுல கயித்துல தொங்கவிடணும். நாம அதுக்குப் பின்னாடி நின்னு, அடியில புட்டியை நீட்டணும். குட்டி தும்பிக்கையைப் போர்வை மேல சாத்திக்கிட்டு, அம்மா வயிறுன்னு நெனச்சுக் குடிக்கும்.

பொட்டலம் வந்தது போன மழைக்காலத்துல. தார்ப்பாய்ல சுத்தி லாரியிலேர்ந்து இறக்கினாங்க, அதான் அந்தப் பேர். மூணு வாரக் குட்டி. ரெண்டு நாள் யார்கிட்டயும் குடிக்கல. மூணாம் நாள் என் புட்டியில வாய் வெச்சா. எனக்குத் தலைகால் புரியல. நான் பெத்த ரெண்டு பசங்களும் சார்ஜரைக் காணோம்னாத்தான் அம்மான்னு கூப்பிடுவாங்க. இவ என் காலடிச் சத்தத்துக்கே காதை ஆட்டினா.

அப்புறம் தையல்காரி வந்து சேந்தா. அதுவரைக்கும் ஒரு துணிக்கடையில தச்சிட்டிருந்தவ. வந்த நாலாம் நாளே பொட்டலம் அவகிட்ட ரெண்டு லிட்டரையும் ஒரே மூச்சுல குடிச்சிட்டு, அவ கோட்டுப் பையில தும்பிக்கையை விட்டுத் துழாவுது! டாக்டர் வேற, "உனக்கு நல்ல கைராசிம்மா"ங்கறார். எனக்குப் பத்திக்கிட்டு வந்துச்சு. இந்த ஒன்பது வருஷத்துல என்னை அப்படி ஒரு வார்த்தை சொன்னதுண்டா?

மறுநாளே, வீட்ல நான் போத்திக்கிட்டுத் தூங்கற, என் வாசனை ஊறின சாம்பல் நிறப் போர்வையைப் பையில வெச்சு எடுத்துட்டுப் போனேன். என் முறையில எனக்குக் குடுத்திருந்த போர்வையை மடிச்சு வெச்சிட்டு அதைத் தொங்கவிட்டேன். கிளம்பும்போது சுருட்டி எடுத்துக்கிட்டேன். தினமும் இதே வேலை. என் முறை இல்லாத நாள்லயும் யார்கிட்டயாவது கெஞ்சி மாத்திக்கிட்டேன். ஒரு மாசத்துல பலிச்சுடுச்சு. மத்த போர்வைகள்ல பாதி குடிக்கறதுக்குள்ள பொட்டலம் முகத்தைத் திருப்பிக்கும். தையல்காரி மிச்சப் பாலோட திரும்பிப் போறதைப் பாத்து என் உச்சி குளிர்ந்துச்சு. பாவின்னு திட்டுங்க, பரவாயில்ல.

அப்பதான் புட்டி கழுவற இடத்துல வழுக்கி விழுந்து கணுக்காலை முறிச்சுக்கிட்டேன். மாவுக்கட்டு போட்டு, ஆறு வாரம் வீட்டை விட்டு நகரக் கூடாதுன்னுட்டாங்க.

நாலாம் நாள் மத்தியானம் தையல்காரி வீட்டுக்கு வந்தா. கண்ணெல்லாம் வீங்கியிருந்துச்சு.

"பொட்டலம் மூணு நாளா சொட்டுப் பால் குடிக்கலக்கா. டிரிப்ஸ் ஏத்தறாங்க. எழுந்து நிக்கவே மாட்டேங்குது."

எனக்குத் திக்குனுச்சு. அதோட, சொன்னா வெக்கக்கேடு, ஓரமா ஒரு சந்தோஷமும் எட்டிப் பாத்துச்சு. நான் இல்லாம இவளால ஒண்ணும் முடியல பாத்தியா!

"உங்க சாம்பல் போர்வை வேணும்க்கா."

"எந்தப் போர்வை?"ன்னேன். அதைத்தான் இடுப்பு வரைக்கும் போத்திக்கிட்டு உக்காந்திருக்கேன்.

அவ சிரிக்கல. "ஓரத்துல நீங்க கையால தச்சிருக்கற தையல் என் கண்ணுல படாமப் போகுமா? ரொம்ப நாளாவே தெரியும். டாக்டர்கிட்ட சொல்லல."

"ஏன், பெரிய மனசு காட்டறியோ?"

"சொன்னா உங்களை வேலையை விட்டு அனுப்பிடுவாங்க. அப்புறம் அது உங்களைத்தானே தேடும்?"

அதுக்கும் எரிச்சல்தான் வந்துச்சு. நல்லவளா வேற இருந்து தொலைக்கறாளே!

"எடுத்துட்டுப் போ. இதைத் தொங்கவிட்டா குடிப்பா. இனிமே நீயே அம்மாவா இருந்துக்கோ."

"அப்ப என்னைப் பிடிச்சுக்கும். நாளைக்கு நான் விழுந்தா?" பையிலேர்ந்து ஒரு பெரிய கத்தரிக்கோலை எடுத்தா. "இதை எட்டுத் துண்டாக்கி, நம்ம எட்டுப் பேர் போர்வையிலயும் ஒண்ணொண்ணு தச்சிடறேன். யார் நின்னாலும் குடிக்கும். நீங்களே வெட்டுங்கக்கா. நான் வெட்டினா ஜென்மத்துக்கும் என் மூஞ்சியில முழிக்க மாட்டீங்க."

கத்தரிக்கோலை வாங்கினேன். வெட்டிட்டா, பொட்டலத்துக்கு நான் எட்டுல ஒருத்தி. அவ்வளவுதான். உள்ளேர்ந்து எட்டிப் பாத்த வீட்டுக்காரர், "போகட்டும் விடு, வேற போர்வை வாங்கிக்கலாம்"ங்கறார். மனுஷனுக்கு என்ன தெரியும்! முதல் வெட்டுக்குக் கையே வரல. இவகிட்டப் போய் விட்டுக்குடுக்கறோமேன்னு வயிறு எரிஞ்சுச்சு. எரிஞ்சுக்கிட்டேதான் வெட்டினேன்.

மறுநாள் காலையில தையல்காரி ஃபோன் பண்ணினா. பொட்டலம் அரை லிட்டர் குடிச்சுட்டுதாம், எங்ககூட வேலை பாக்கற தொந்தி அண்ணன் கையால.

"அவரா! அந்த மனுஷன் புட்டியைக்கூடத் தொப்பை மேல சாச்சுப் பிடிக்கறவராச்சே!"ன்னு கத்தினேன். ஃபோனை வெச்சிட்டு அழுதேன்.

ஏழாவது வாரம் ஊன்றுகோலோட வேலைக்குப் போனேன். பொட்டலம் நல்லா உருண்டு திரண்டு இருந்தா. என் கையை மோந்து பாத்தா, கட்டுப் பிரிச்ச காலைத் தும்பிக்கையால தடவினா. தையல்காரி புட்டியை என்கிட்ட குடுத்தா. போர்வைக்குப் பின்னாடி நின்னேன். பொட்டலம் ஒரு சொட்டு விடாம குடிச்சா. முடிச்சதும், அடுத்த கொட்டகையில யாரோ வாளி வெச்ச சத்தம் கேட்டு, திரும்பிக்கூடப் பாக்காம ஓடினா.

"எல்லார்கிட்டயும் இப்படியேதான் குடிக்கிறாளா?"ன்னு கேட்டேன்.

"ஆமாக்கா"ன்னா தையல்காரி. ஒரு பேச்சுக்காவது இல்லைன்னு சொல்லக் கூடாதா!

"சரி, நின்னு வாய் பாக்காம அடுத்த புட்டியைக் கலக்கு, போ"ன்னு சொல்லிட்டு, காலிப் புட்டியைக் கழுவப் போனேன். இந்தத் தடவை சுவரைப் பிடிச்சுக்கிட்டே போனேன்.