எபனேசரின் சாப்பாட்டு ஜெபம்

இன்னும் கொஞ்சம் கிட்ட வாங்க தாயி, காத்தாடிச் சத்தத்துல என் குரல் எட்டாது. மூச்சு திரும்பி வந்ததால ஒரு மனுஷன் பட்ட பாட்டைச் சொல்லுதேன்.

ஸ்ரீவில்லிபுத்தூர்ல எபனேசர்னு ஒரு பட்டாளத்துக்காரர். ஓய்வு பெற்ற பிறகு விசேஷ வீடுகளில் சாப்பாட்டு ஜெபம் பண்ணுவது அவர்தான். ஆதாமில் ஆரம்பித்து, எல்லையில் நிற்கிற சிப்பாய் வரைக்கும் வந்துதான் ஆமென் சொல்லுவார். அதற்குள் ரசத்தில் ஆடை கட்டிவிடும்.

கொரோனா வந்து மதுரை ஆஸ்பத்திரியில் கிடந்து பிழைத்தார். நோய் போயிற்று, மூச்சு மட்டும் சரியாகவில்லை. வேட்டி கட்டினாலே இளைப்பு. நாலு வார்த்தை பேசினால் இருமல். அதனால் ஜெபமும், "கர்த்தாவே... நன்றி... ஆமென்" என்று சுருங்கிவிட்டது.

அதுக்குப் பொறவு பாருங்க, அவரைக் கூப்பிடாத வீடில்லை! செட்டியார்பட்டியில் புது பைக் வாங்கினவன்கூட வண்டி அனுப்பி அழைத்துப் போனான்.

"பாத்தியா கிருபை," என்றார் மனைவி தேவகிருபையிடம். "சாகக் கிடந்து வந்த பொறவுதான் என் ஜெபத்தோட அருமை சனங்களுக்குத் தெரிஞ்சிருக்கு."

காரணம் அவளுக்குத் தெரியும்.

டாக்டர் ஒரு பிளாஸ்டிக் டப்பா கொடுத்திருந்தார். உள்ளே மூன்று பந்து. குழாயில் மூச்சை இழுத்தால் பந்து மேலே ஏறும். மாதக்கணக்கில் ஒரு பந்தோடு மல்லுக்கட்டினார். பிறகு ரெண்டு. ஒரு நாள் காலையில், "கிருபை! மூணும் ஏறிருச்சு! எலினா நிச்சயத்துக்கு முழு ஜெபம் பண்ணப்போறேன்!" என்றார்.

அவளுக்குக் கண்ணில் தண்ணீரும் வந்தது, விருந்துச் சோறு ஆறிப்போகுமே என்றும் இருந்தது. எலினா அவள் தம்பி கிறிஸ்துராஜின் மகள்.

ராஜபாளையத்து மண்டபத்தில் நிச்சயதார்த்தம். வேதம் வாசித்து மோதிரம் மாற்றியாச்சு, இலையும் போட்டாச்சு. கை கழுவப் பின்பக்கம் போன எபனேசர் காதில், சமையற்கட்டுப் பேச்சு விழுந்தது.

"அண்ணாச்சி, பிரியாணி தம்மை இப்பவே உடைச்சிராதிய," என்றான் கிறிஸ்துராஜ். "அத்தானுக்கு மூச்சு திரும்பிருச்சாம்."

பிரியாணி மாஸ்டர் சிவனாண்டி தலையில் கை வைத்தார். "இத்தனை நாளா அவிய எந்திரிச்சா மூடியைத் திறப்பேன், உக்காந்தா பரிமாறுவேன். உங்க வீட்டு விசேஷம் பாத்தா குணமாகணும்?"

எபனேசர் ஈரக்கையைத் துடைக்காமலே பந்திக்குத் திரும்பினார். ஜெபத்துக்கு எல்லாரும் தலை குனிந்தார்கள். "கர்த்தாவே, நீர் குடுத்த மூச்சுக்கு நன்றி. ஆமென்." உட்கார்ந்துவிட்டார்.

"ஐயோ, அத்தானுக்கு மூச்சு நின்னு போச்சு!" என்று கிறிஸ்துராஜ் அலறினான். ஒருத்தர் சட்டைப் பித்தானைக் கழற்றினார், ஒருத்தர் இலையால் விசிறினார். மாப்பிள்ளை வீட்டு நர்ஸம்மா அவர் விரலில் ஆக்சிஜன் பார்க்கிற கருவியை மாட்டிவிட்டு, "தொண்ணூத்தேழு, நல்லாத்தானே இருக்கு?" என்றாள்.

"அப்ப மெசினு கோளாறு!" என்றது கூட்டம்.

தேவகிருபை மட்டும் குனிந்து கேட்டாள். "என்னங்க, இளைப்பா, கோவமா?"

"கோவம்," என்றார். "நான் குணமானது சமையற்கட்டுல யாருக்கும் பிடிக்கல."

கிறிஸ்துராஜ் அவர் காலடியிலேயே உட்கார்ந்தான். "நீங்க கிடந்தப்ப ஆஸ்பத்திரில உள்ள விடமாட்டேன்னுட்டான், கேட்டைப் பிடிச்சுக்கிட்டு அழுதேன் அத்தான். பிரியாணி போனாப் போகுது. ஜெபிங்க."

"எம்புட்டு நேரம்?"

"மூச்சு இருக்கிற மட்டும்."

எழுந்தார். நடுநடுவே இளைத்தது. ஒவ்வொரு தடவை நிறுத்தும்போதும் நாலு கை இலையிலிருந்த இனிப்புப் பக்கம் போகும், அவர் தொடங்கியதும் திரும்பிவிடும். மாப்பிள்ளை வீட்டைச் சொன்னார், ஆக்சிஜன் சிலிண்டர் தூக்கினவர்களைச் சொன்னார். "சிவனாண்டி கையில சூடு படாமக் காப்பாத்தும்" என்றபோது, கரண்டியோடு நின்ற மாஸ்டர் அப்படியே கும்பிட்டுவிட்டார்.

மறுபடி ஒரு நிறுத்தம். கிறிஸ்துராஜ் மெல்ல, "ஆமென்தானே அத்தான்?" என்றான்.

"பொறுடா. இன்னும் உங்க அக்கா பேரே வரல."

உங்க வீட்டு அடுப்பு ஒரு நாளும் அணையாம இருக்கட்டும் தாயி. உங்க வீட்டுல படுக்கிற ஒவ்வொருத்தரும் நெஞ்சு நிறைய மூச்சிழுத்துத் தூங்கி, விடிஞ்சதும் சண்டை போட எந்திரிக்கட்டும்.